வெட்டு சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

மெத்தென்ற ஒரு பொருளைக் கணினிக்குள் உருவாக்கி, அழுத்தி, நசுக்கி, தொங்கவிட்டு ஆடவைப்பது இன்றைக்குப் பெரிய காரியம் இல்லை. அதே பொருளில் ஒரு கத்தியை இறக்கினால்தான் தெரியும் சங்கதி. மெஷ், அதாவது பொருளைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்த வலை, எப்போதும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த நொடியில் காலை வாரும். அறுவைசிகிச்சைப் பயிற்சிக்கான சிமுலேட்டரில் கல்லீரல் மாதிரி ஒன்றை வெட்டவைக்க முயன்றபோது வரக்கூடிய பிழைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன். அதனால் கோட்பாட்டு வரிசையை விட்டுவிட்டு, திரையில் என்ன தெரிகிறதோ அதை வைத்தே எழுதுகிறேன்.

பொருள் நான்முகிகளால் (நான்கு முக்கோண முகமும் நான்கு முனையும் உள்ள துண்டுகளால்) ஆன மெஷ், ஒவ்வொரு ஃபிரேமிலும் முனைகளின் இயக்கத்தைக் கணக்கிடும் சால்வர் ஃபைனைட் எலிமெண்ட் (ஒவ்வொரு துண்டின் உருமாற்றத்திலிருந்து விசையைக் கணக்கிடும் முறை) அல்லது எக்ஸ்பிபிடி (முனைகளின் இடத்தையே கட்டுப்பாடுகளுக்கு ஏற்பத் திருத்தும் முறை) என்று வைத்துக்கொள்கிறேன். நிறைகளைச் சுருள்வில்களால் இணைக்கும் வெறும் மாஸ்-ஸ்பிரிங் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதற்கும் முன்னால், சால்வரை நிறுத்துங்கள்

வெட்டுப் பிழைகள் பெரும்பாலும் சால்வரில் வெளிப்படும், ஆனால் சால்வரில் பிறப்பதில்லை. வெட்டு விழுகிற அந்த ஒரே ஃபிரேமில் மெஷ்ஷின் கணக்குவழக்கை நாம் தப்பாக எழுதிவிடுகிறோம், சால்வர் கொடுத்த கணக்கை அப்படியே கூட்டிக் காட்டுகிறது. அதனால் விறைப்பைக் கூட்டு, அதிர்வைத் தணிக்கும் டேம்பிங்கைக் கூட்டு என்று எண்களைத் திருகிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. நான் அப்படி இரண்டு வாரம் திருகினேன், பிழை இருந்த இடத்திலேயே இருந்தது.

பொருளை நன்றாக இழுத்துத் திருகிய நிலையில் வையுங்கள், முனைகளுக்குக் கொஞ்சம் திசைவேகமும் இருக்கட்டும். சால்வரை நிறுத்துங்கள். ஒரே ஒரு வெட்டு. வெட்டுக்கு முன்னும் பின்னும் இவற்றை அச்சிடுங்கள்: ஓய்வுநிலையில் (எந்த விசையும் இல்லாத இயல்பு வடிவத்தில்) மொத்தக் கன அளவு, மொத்த நிறை, மொத்த உந்தம், மொத்த மீள்ம ஆற்றல் (உருமாற்றத்தால் பொருளில் தேங்கிய ஆற்றல்), மிகச்சிறிய நான்முகியின் குறியோடு கூடிய கன அளவு, இணைந்த துண்டுகளின் எண்ணிக்கை.

இதில் மீள்ம ஆற்றல் ரொம்ப நல்ல சோதனை, ஆனால் அதைச் செய்கிறவர்கள் குறைவு. நேரியல் நான்முகிக்குள் உருமாற்றம் எங்கும் ஒன்றுதான். அதை நான்காக வெட்டினாலும் ஆறாக வெட்டினாலும் ஒவ்வொரு குட்டித் துண்டும் அதே உருமாற்றத்தைத்தான் வாங்கிக்கொள்கிறது, ஆகவே ஆற்றலின் கூட்டுத்தொகை மாறக் கூடாது, மாறினால் தசமப் பிழை அளவில்தான் மாற வேண்டும். கன அளவு, நிறை, உந்தம் மூன்றுக்கும் அதே விதி. இயக்க ஆற்றல் மட்டும் சற்றுக் குறையலாம். நிறையை முனைகளில் குவித்து வைப்பதால் வரும் வேறுபாடு அது, பிழை இல்லை. இந்த எண்கள் ஒத்துப்போகாத வரை கீழே உள்ள எதையும் தொடாதீர்கள், ஏனென்றால் ஒரு பிழை இன்னொன்றின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வரும்.

சோதனையை ஒரே ஒரு நான்முகியில் தொடங்குங்கள். பிறகு முகத்தைப் பகிரும் இரண்டு, பிறகு 5 × 5 × 5 கனசதுரம். கல்லீரல் கடைசியில் வரட்டும்.

வெட்டியதும் பொருள் வெடித்துச் சிதறுகிறது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எப்போது வெடிக்கிறது என்று பாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

வெட்டு விழுந்த அதே ஃபிரேமில் வெடித்தால், புதிய முனைகளுக்குக் கொடுத்த தகவல் தப்பு. கத்தி ஒரு விளிம்பை 30 சதவீதத் தொலைவில் அறுக்கிறது என்றால், புதிய முனையின் இப்போதைய இடம் அந்த விளிம்பில் 30 சதவீதத்தில், ஓய்வுநிலை இடமும் ஓய்வுநிலை விளிம்பில் அதே 30 சதவீதத்தில், திசைவேகமும் இரு முனைகளின் திசைவேகங்களுக்கு இடையில் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். நிறையப் பேர் ஓய்வுநிலை இடத்துக்கு இப்போதைய இடத்தையே எழுதிவிடுகிறார்கள். இழுத்த நிலையில் வெட்டினால் அந்த இடம் இழுபட்டதையே தன் இயல்பு வடிவம் என்று நினைத்துக்கொள்ளும், பக்கத்து முனைகள் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். விறைப்பு குறைவாக இருந்தால் வெடிக்காமல் வெட்டு ஓரம் நிரந்தரமாகப் புடைத்து நிற்கும். அதுவும் இதே பிழைதான்.

எக்ஸ்பிபிடி எழுதியவர்கள் முந்தைய ஃபிரேமின் இடத்தை வைத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். அதில் திசைவேகம் என்பது இப்போதைய இடத்தில் இருந்து முந்தைய இடத்தைக் கழித்து நேரத்தால் வகுப்பது. புதிய முனைக்கு முந்தைய இடத்தை நிரப்பாமல் விட்டால் அது ஆதிப்புள்ளியாக இருக்கும். முனை ஆதியிலிருந்து 0.3 மீட்டரில் இருக்கிறது, டைம்ஸ்டெப் (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே உள்ள நேரம்) 1/60 நொடி என்றால் அந்த முனைக்குத் திடீரென்று நொடிக்கு 18 மீட்டர் வேகம். வெடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது முனைகளின் வரிசை. அறுபட்ட நான்முகியை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் துண்டாக்கும் அட்டவணையில் ஒரு நான்முகியின் நான்கு முனைகளை இடம் மாற்றி எழுதினால் அதன் கன அளவு எதிர்க்குறியாகும். மீள்ம விசையைக் கன அளவால் பெருக்குவதால் விறைப்பும் எதிர்க்குறியாகி, இழுத்தால் திரும்பி வர வேண்டிய முனை இன்னும் தள்ளி ஓடும். கன அளவின் தனிமதிப்பை (குறியை நீக்கிய எண்ணை) எடுத்துச் சமாளிக்காதீர்கள். வெடிப்பு நிற்கும், ஆனால் மேற்பரப்பு முகங்கள் உள்ளே திரும்பியபடி இருக்கும், இரண்டு நாள் கழித்து அது ரெண்டரிங் பிழையாகத் திரும்பி வரும். அட்டவணையையே திருத்துங்கள்.

முதலில் ஒழுங்காக இருந்து, சில ஃபிரேம் துடித்து, துடிப்பு வளர்ந்து, பிறகு வெடித்தால் அது வேறு கதை. கத்தி ஏதோ ஒரு முனைக்கு மிக அருகில் போயிருக்கிறது, அங்கே காகிதம் போன்ற சப்பை நான்முகி பிறந்திருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு: யங் குணகம் (விறைப்பின் அளவு) 5 கிலோபாஸ்கல், பாய்சான் விகிதம் (இழுத்தால் குறுக்கில் எவ்வளவு சுருங்கும் என்பது) 0.45, அடர்த்தி தண்ணீரைப் போல என்று எடுத்தால் பொருளுக்குள் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் போகும். இப்போதைய நிலையை மட்டும் வைத்து அடுத்த நிலையைக் கணக்கிடும் எக்ஸ்பிளிசிட் முறையில் அலை ஒரு நான்முகியைத் தாண்டுவதற்குள் அடுத்த கணக்கு முடிய வேண்டும். நான்முகியின் மிகக் குறைந்த உயரம் 5 மி.மீ. என்றால் சுமார் 1.1 மில்லிநொடி கிடைக்கும். வெட்டில் பிறந்த சப்பைத் துண்டின் உயரம் 0.1 மி.மீ. என்றால் 0.02 மில்லிநொடிதான். ஒரே ஒரு மோசமான துண்டு, முழுப் பொருளுக்கும் டைம்ஸ்டெப்பை 50 மடங்கு குறைக்கச் சொல்கிறது. அடுத்த நிலையைச் சமன்பாட்டுத் தொகுப்பாகத் தீர்க்கும் இம்பிளிசிட் முறையில் உடனே வெடிக்காது, அதற்குப் பதிலாக அந்தச் சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் கான்ஜுகேட் கிரேடியண்ட் சுற்றுகள் 20-லிருந்து 300-க்கு ஏறும். காரணம் ஒன்றுதான்.

இதற்கு நேரடி மருந்து ஒட்டவைத்தல். வெட்டுப் புள்ளி விளிம்பின் ஏதாவது ஒரு நுனியிலிருந்து 10 முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால் விளிம்பை அறுக்காமல் அந்த முனையையே வெட்டுத்தளத்துக்கு நகர்த்திவிடுங்கள். உட்ரெக்ட்டில் நீன்ஹவுஸும் வான் டெர் ஸ்டாப்பனும் 2001-லேயே இந்த வழியில் போனார்கள், இன்றைக்கும் வேலை செய்கிறது. இரண்டு எச்சரிக்கை: ஓய்வுநிலை இடத்தையும் சேர்த்து நகர்த்துங்கள்; நகர்த்துவதற்கு முன் அந்த முனையைச் சுற்றியுள்ள எல்லா நான்முகிகளின் கன அளவும் நேர்க்குறியாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்த்துங்கள். முனையை நகர்த்தினால் நான் மேலே சொன்ன ஆற்றல் சோதனை கொஞ்சம் விலகும், அதனால் அந்தச் சோதனையை ஒட்டவைத்தலை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டப்போகிறீர்கள் என்றால் என் கருத்து வேறு. துண்டாக்குவதையே விட்டுவிட்டு மெய்நிகர் முனை முறைக்குப் போங்கள். 2004-ல் மோலினோ, பாவ், ஃபெட்கிவ் மூவரும் கொடுத்தது. நான்முகியை அறுப்பதற்குப் பதிலாக முழு நான்முகியையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் இந்தப் பக்கத்துச் சதையையும் மற்றதில் அந்தப் பக்கத்துச் சதையையும் குடிவைக்கிறோம். சால்வர் பார்ப்பது எப்போதும் பழைய, நல்ல வடிவமுள்ள நான்முகியைத்தான், சப்பைத் துண்டு என்ற பேச்சே எழாது. முதல் வடிவத்தில் ஒவ்வொரு துண்டிலும் பழைய முனை ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2007-ல் சிஃபாகிஸ், டெர், ஃபெட்கிவ் அதைத் தளர்த்தினார்கள். எழுதுவதற்குக் கொஞ்சம் சிரமம், ஆனால் பிறகு நிம்மதி.

மூன்றாவது வகை: வெட்டும்போது அமைதி, வெட்டிய வாய் மூடும்போது வெடிப்பு. இது மோதல் கணக்கு. வெட்டு விழுந்த கணத்தில் இரண்டு புதிய பரப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று, இடைவெளி சரியாகப் பூஜ்யம். மோதல் தடிமன் (இரு பரப்புகளுக்கு நடுவே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி) 1 மி.மீ. என்று வைத்திருந்தால் அந்த ஃபிரேமிலேயே எல்லா முனையும் 1 மி.மீ. ஊடுருவியதாகக் கணக்கு வந்து, முழு வலுவோடு தள்ளும். புதிதாகப் பிறந்த எதிரெதிர் முகங்களுக்கு மட்டும் தடிமனைப் பூஜ்யத்தில் தொடங்கி, அவை உண்மையில் விலகிய பிறகு மெல்ல ஏற்றுங்கள். மோதலை விரைவாகத் தேட முகங்களைப் பெட்டிகளில் அடுக்கிய மோதல் மரத்தைப் புதுப்பிக்கும்போது பெட்டிகளின் அளவை மட்டும் மாற்றினால் போதாது, புதிய முகங்களை மரத்தில் சேர்க்கவும் வேண்டும்.

வெட்ட வெட்டப் பொருள் கனக்கிறது

மேலே மாட்டித் தொங்கவிட்ட கனசதுரத்தை நான் கீறிக்கொண்டே போனபோது ஒவ்வொரு கீறலுக்கும் அது கொஞ்சம் கீழே இறங்கியது. வெட்டினால் தளர்கிறது, இயல்புதானே என்று விட்டுவிட்டேன். உண்மையில் முனையைப் பிரதி எடுக்கும்போது நிறையையும் அப்படியே பிரதி எடுத்திருக்கிறேன், ஆகவே ஒரு முனை இரண்டானால் நிறையும் இரண்டு மடங்கு. மொத்த நிறையை அச்சிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நிறையை ஒருபோதும் பிரதி எடுக்காதீர்கள். பாதிக்கப்பட்ட முனைகளின் நிறையைப் பூஜ்யமாக்கி, அவற்றைத் தொடும் ஒவ்வொரு நான்முகியின் ஓய்வுநிலைக் கன அளவையும் அடர்த்தியால் பெருக்கி, அதில் கால் பங்கை ஒவ்வொரு முனைக்கும் புதிதாகச் சேருங்கள்.

கத்தி உள்ளே போகிறது, வெட்டு விழவில்லை அல்லது நடுநடுவே விட்டுப்போகிறது

மெதுவாக நகர்த்தினால் வெட்டுகிறது, வேகமாக இழுத்தால் விட்டுவிட்டு வெட்டுகிறது என்றால் காரணம் தெளிவு: கத்தி இப்போது எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சோதிக்கிறீர்கள். முந்தைய ஃபிரேமில் இருந்த கத்தி விளிம்புக்கும் இப்போதைய கத்தி விளிம்புக்கும் நடுவே துழாவப்பட்ட பரப்பைத்தான் சோதிக்க வேண்டும். அந்த நான்கு புள்ளிகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் இருக்காது, இரண்டு முக்கோணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்த பிறகும் ஒரு பிழை மிஞ்சும். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் அரிவாள்மனைச் சோதனை. அரிவாள்மனையில் கத்தி அசையாமல் நிற்கும், காயைத்தான் நாம் அதன்மேல் தள்ளுகிறோம். உங்கள் சிமுலேட்டரில் கத்தியை அசையாமல் நிறுத்திவிட்டு, பொருளை அதன்மேல் தள்ளிப் பாருங்கள். வெட்டு விழவில்லை என்றால், கத்தியின் நகர்வை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள், பொருளின் நகர்வை எடுக்கவில்லை. மெஷ்ஷின் விளிம்பும் நகர்கிறது, கத்தி விளிம்பும் நகர்கிறது. இரண்டு கோட்டுத்துண்டுகளின் நான்கு முனைகளும் ஒரே தளத்தில் வரும் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அது ஒரு முப்படிச் சமன்பாடு. துணி மோதலுக்கு எழுதிய தொடர் மோதல் சோதனை கையில் இருந்தால் அதையே எடுத்துப் போடலாம். கையால் பிடித்து இழுத்துக்கொண்டே வெட்டும் பயிற்சிகளில் இது கட்டாயம், ஏனென்றால் அங்கே சதை கத்தியைவிட வேகமாக நகர்வதும் உண்டு.

வெட்டு நடுவில் ஒரே ஒரு நான்முகி மட்டும் முழுசாக நிற்கிறதா? அப்படியானால் கத்தி ஒரு விளிம்பிலோ முனையிலோ சரியாகப் பட்டிருக்கும். ஒரு பக்கத்து நான்முகி அறுபட்டது என்கிறது, மறுபக்கத்து நான்முகி இல்லை என்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் விடை கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும். அறுபட்டதா இல்லையா என்பதை நான்முகி வாரியாக முடிவு செய்யாதீர்கள், விளிம்பு வாரியாக ஒரே முறை முடிவு செய்து, இரு முனை எண்களையும் சிறியது முதலில் வருமாறு சாவியாக்கி ஒரு ஹேஷில் (சாவி கொடுத்தால் விடை தரும் அட்டவணையில்) வையுங்கள், எல்லா நான்முகிகளும் அங்கே போய்ப் படிக்கட்டும். எந்தப் பக்கம் என்ற சோதனைக்கு ஜோனதன் ஷூச்சக் 1997-ல் வெளியிட்ட தகவமைவுத் துல்லியச் சோதனைகளைப் பயன்படுத்துங்கள், நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தின் மைனஸ் ஆறாம் அடுக்கு என்று ஒரு எப்சிலான் (பிழைக்கு விடும் சின்ன வரம்பு) வைத்துச் சமாளிப்பது ஒரு மெஷ்ஷில் சரியாகும், அடுத்த மெஷ்ஷில் மறுபடி உடையும்.

வெட்டு விழுந்தது, ஆனால் இரண்டு துண்டும் பிரியவில்லை

திரையில் வெட்டு நன்றாகத் தெரிகிறது, இழுத்தால் ஒரு மூலையில் மட்டும் கீல் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கேயோ ஒரு முனையோ ஒரு விளிம்போ இரண்டு துண்டுக்கும் பொதுவாக மிச்சம் இருக்கிறது.

முனையைப் பிரதி எடுக்கும் முடிவைக் கத்திக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து எடுப்பவர்களுக்கு இது வரும். வளைந்த வெட்டு, இரண்டு வெட்டுகள் சந்திக்கும் இடம், மூன்றாகப் பிரியும் மூலை இவற்றில் பக்கம் என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. சரியான வழி இது: ஒரு முனையைத் தொடும் நான்முகிகளை எல்லாம் எடுங்கள். அவற்றில் அறுபடாத முகத்தைப் பகிர்ந்துகொள்பவற்றை யூனியன்-ஃபைண்ட் (தொடர்புள்ளவற்றைக் குழுவாக்கும் அல்காரிதம்) வைத்து ஒரே குழுவில் சேருங்கள். விளிம்பையோ முனையையோ மட்டும் பகிர்ந்தால் சேர்க்காதீர்கள். கடைசியில் எத்தனை குழு வருகிறதோ அந்த முனைக்கு அத்தனை பிரதி. இந்த ஒரே விதி கீல், முனைத்தொங்கல் (ஒரே முனையில் தொங்குவது) எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்க்கிறது.

இன்னொரு சாத்தியம்: துண்டுகள் பிரிந்துவிட்டன, மோதல் கணக்கின் உராய்வுதான் பிடித்துவைத்திருக்கிறது. சுய மோதலை அணைத்துப் பாருங்கள், பிரிந்தால் அதுதான்.

வெட்டு ஓரத்தில் மயிரிழை விரிசல், வெளிச்சம் ஒழுகுகிறது

மூன்று விளிம்பு அறுபட்டால் ஒரு நான்முகியும் ஒரு ஆப்பு வடிவமும் கிடைக்கும், மொத்தம் 4 நான்முகி. நான்கு விளிம்பு அறுபட்டால் இரண்டு ஆப்பு, மொத்தம் 6. ஆப்பின் பக்கங்கள் நாற்கரமாக இருப்பதால் மூலைவிட்டம் போட வேண்டும், இந்தப் பக்கத்து நான்முகி ஒரு மூலைவிட்டமும் அந்தப் பக்கத்து நான்முகி மற்றொன்றும் போட்டால் பொதுமுகம் ஒட்டாது. வெட்டிய உடனே தெரியாது, பொருள் வளையும்போது விரிசல் காட்டும், அதைவிட மோசமாக உள்முகங்களை மேற்பரப்பு என்று நினைத்து வரைந்துவிடும். நாற்கரத்தின் நான்கு முனைகளில் எண் மிகச் சிறியது எதுவோ அங்கிருந்து மூலைவிட்டம் போடுங்கள். எண்கள் எல்லா நான்முகிக்கும் பொது என்பதால் இரு பக்கமும் ஒரே முடிவுக்கு வரும், ஆப்பை மூன்றாகப் பிரிக்கவே முடியாத சுழல் அமைப்பும் இந்த விதியில் வரவே வராது.

வெட்டு விழுந்தும் வாய் திறக்கவில்லை

இது பிழையே இல்லை, ஆனால் இதற்காக நல்ல நிரலைப் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா எண்ணும் சரி, துண்டுகளும் பிரிகின்றன, இருந்தும் தோலைக் கீறினால் பென்சிலால் கோடு போட்டதுபோல் இருக்கிறது.

உண்மையான தோல் உடம்பின்மேல் சும்மா கிடக்கவில்லை, இழுத்துக் கட்டியதுபோல் எப்போதும் இறுக்கத்தில் இருக்கிறது. வியன்னாவின் உடற்கூறியலாளர் கார்ல் லாங்கர் 1861-ல் இதை வெளியிட்டார். உருண்டையான ஊசியால் சடலங்களின் தோலில் துளையிட்டுப் பார்த்தால், துளைகள் வட்டமாக நிற்காமல் நீள்வட்டமாக இழுபட்டன. அந்த நீளவாக்கைத் தொடர்ந்து இணைத்தவைதான் லாங்கர் கோடுகள். கோட்டோடு கீறினால் வாய் குறுகலாக இருக்கும், குறுக்கே கீறினால் அகலமாகத் திறக்கும். அறுவைசிகிச்சை நிபுணர்கள் கீறல் திசையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனிப்பார்கள். நம் மெஷ்ஷோ வரைந்த வடிவத்தையே ஓய்வுநிலையாக எடுத்துக்கொண்டு எந்த இறுக்கமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, அதை வெட்டினால் விடுபடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஓய்வுநிலை வடிவத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள். ஒவ்வொரு நான்முகியின் ஓய்வுநிலையையும் நார்த் திசையில் 10 சதவீதம், குறுக்கில் 3 சதவீதம் என்பதுபோல் சுருக்கி, பொருளின் ஓரங்களைக் கட்டிவைத்து, சமநிலைக்கு வரவிட்டு, பிறகு வெட்டுங்கள். இந்த எண்கள் தொடங்கிப் பார்க்கத்தான், கண்ணுக்குச் சரியாகும்வரை மாற்றுங்கள். வாய் தானாகத் திறப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை ஒரு மெஷ்ஷை வெட்டிக்கொண்டிருந்தேன், அந்த நிமிடத்திலிருந்து அது தோல்.

வெட்டு படிக்கட்டு மாதிரி இருக்கிறது, பொருளும் கரைகிறது

கத்தி தொட்ட நான்முகியை அழித்துவிடுகிறீர்கள். கோட்டான், டெலிங்கெட், அயாஷ் மூவரும் 2000-ல் கல்லீரல் சிமுலேட்டருக்குச் செய்தது இதைத்தான், அன்றைய கணினிக்கு அது நல்ல முடிவு, மின்சாரத்தால் எரித்து நீக்கும் கருவிக்கு இன்றைக்கும் பொருந்தும். கத்திக்குப் பொருந்தாது. மெஷ்ஷை நுணுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாதியாக்கினால் நான்முகி 8 மடங்காகும்.

வெட்டின உள்பக்கம் வெற்றாக, கறுப்பாக, அல்லது கோணல்மாணலாகத் தெரிகிறது

வெற்றாக இருந்தால் புதிய முகங்களை மேற்பரப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை. எந்த முகத்தை ஒரே ஒரு நான்முகி மட்டும் வைத்திருக்கிறதோ அது மேற்பரப்பு, அவ்வளவுதான் விதி. ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்தால் தோலின் நார்மலும் (பரப்பு பார்க்கும் திசை) வெட்டுமுகத்தின் நார்மலும் சராசரியாகிவிட்டன, வெட்டு ஓர முனைகளுக்கு இரண்டு நார்மல் வையுங்கள். உள்பக்க டெக்ஸ்சருக்கு ஓய்வுநிலை இடத்தையே முப்பரிமாண ஆயமாகக் கொடுங்கள், இப்போதைய இடத்தைக் கொடுத்தால் பொருள் ஆடும்போது நரம்புகள் சதைக்குள் நீந்தும். நுணுக்கமான மேற்பரப்பு மெஷ்ஷைத் தனியாக ஒட்டிவைத்திருப்பவர்கள், வெட்டுக்குப் பிறகு அந்தப் புள்ளிகள் எந்த நான்முகியைச் சேர்ந்தவை என்று மறுபடி கணக்கிட வேண்டும், இல்லையென்றால் இந்தத் துண்டின் தோல் அந்தத் துண்டோடு இழுபட்டு முள்ளாக நீளும்.

ஜிபியுவில் மட்டும் துடிக்கிறது

சிபியுவில் ஒரே திரெட்டில் அமைதியாக ஓடுகிறது, ஜிபியுவில் வெட்டைச் சுற்றி முனைகள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறுவேறு மாதிரி நடுங்குகின்றன. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய கட்டுப்பாடுகளுக்கு ஒரே நிறம் கொடுக்கும் பட்டியல் பழசு. கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் திருத்தும் காஸ்-சைடல் முறையை இணையாக ஓட்டும்போது ஒரே நிறத்தில் உள்ள கட்டுப்பாடுகள் எந்த முனையையும் பகிரக் கூடாது. வெட்டில் பிறந்த புதிய கட்டுப்பாடுகளுக்குத் தாய் நான்முகியின் நிறத்தையே கொடுத்துவிட்டால், ஒரே நிறத்தில் நான்கைந்து பேர் ஒரே முனையில் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். முழுமையாக மறுபடி நிறம் பூச வேண்டியதில்லை. புதியவற்றுக்கு மட்டும் அக்கம்பக்கம் பார்த்து முதல் காலி நிறத்தைக் கொடுங்கள், 200 வெட்டுக்கு ஒருமுறை பின்னணியில் முழுமையாகப் பூசிக்கொள்ளலாம்.

வெட்ட வெட்ட மெதுவாகிறது

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சின்ன நிறுத்தம் வந்தால், சால்வரின் சமன்பாடுகளை வைத்திருக்கும், முன்கூட்டியே காரணிப்படுத்திய அணியை (மேட்ரிக்ஸை) முழுவதுமாக மறுபடி காரணிப்படுத்துகிறீர்கள். சின்ன வெட்டு அணியில் சில வரிகளைத்தான் மாற்றுகிறது. ஷெர்மன்-மாரிசன்-வுட்பரி வாய்பாட்டால் திருத்தம் மட்டும் போடலாம், அல்லது அணியே கட்டாத கான்ஜுகேட் கிரேடியண்டுக்குப் போகலாம். நிறுத்தம் இல்லாமல் மொத்தமாக மெதுவானால் நான்முகி எண்ணிக்கையைப் பாருங்கள். துண்டாக்கிய இடத்தையே மறுபடி துண்டாக்கினால் 6, 36 என்று ஏறும். நான் மேலே மெய்நிகர் முனை முறையைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹாப்டிக் கருவியில் (விசையைக் கையில் உணர்த்தும் கருவியில்) கை தட்டுகிறது

கத்தி ஒரு நான்முகிக்குள் நுழையும்போது தடுக்கிறது, அது அறுபட்டதும் விசை பூஜ்யமாகிறது, அடுத்ததில் மறுபடி தடுக்கிறது. கையில் ரம்பம் அறுப்பதுபோல் இருக்கும், அந்தத் தட்டலின் இடைவெளி நான்முகியின் அளவேதான். விசையை நான்முகியிடமிருந்து பிரியுங்கள். வெட்டத் தொடங்க ஒரு விசை வரம்பு, தொடங்கிய பிறகு, பிளக்கும் புதிய பரப்புக்கு ஏற்ற வேலை. பொருளின் கிழிதடுப்பு (புதிய பரப்பைப் பிளக்கத் தேவையான ஆற்றல்) சதுர மீட்டருக்கு 100 ஜூல், சதையில் படும் கத்தி நீளம் 2 செ.மீ. என்று வைத்தால் விசை 2 நியூட்டன், கத்தி முன்னேறும் வரை சீராக. மெஷ் எப்போது அறுபடுகிறது என்பது கைக்குத் தெரியக் கூடாது.

ஹாப்டிக் சுற்று 1000 ஹெர்ட்ஸ், சிமுலேஷன் 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சிமுலேஷன் ஃபிரேமுக்குள் கத்தி 16 இடங்களைத் தொட்டுவிடுகிறது. முதலும் கடைசியும் மட்டும் எடுத்துத் துழாவிய பரப்பைக் கட்டினால் மணிக்கட்டின் திருப்பம் தொலைந்து வெட்டு தட்டையாகும், அதனால் 16 இடத்தையும் வரிசையில் சேமித்து அத்தனை பட்டையாகக் கட்டுங்கள். அந்த வரிசையை அப்படியே கோப்பிலும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை யாராவது வெட்டு உடைந்தது என்று சொன்னால், அதே கையசைவை ஒரே திரெட்டில், மாறாத டைம்ஸ்டெப்பில் மறுபடி ஓட்டி, உடையும் ஃபிரேமில் போய் நிற்கலாம்.